குட்டிப் பச்சோந்தி சாப்பிட மறுக்கிறதா? கோலாலம்பூர் வீட்டில் படிப்படியாகச் செய்ய வேண்டியவை

மூன்று மாதக் குட்டி, வெயில்ட் (veiled) என்ற பச்சோந்தி வகை. பச்சை மிளகாய் நிறத்தில் இருந்ததால் என் தங்கை மகன் அதற்கு மிளகாய் என்றே பேர் வைத்துவிட்டான். செந்தூலில் எங்கள் ஆறாவது மாடி ஃபிளாட்டுக்கு வந்த முதல் எட்டு நாளில் மிளகாய் சாப்பிட்டது மொத்தம் நான்கு சுவர்க்கோழிகள். விற்றவரைக் கேட்டேன். "பசிச்சா தானா சாப்பிடும்" என்றார். இணையத்தில் தேடினேன். "சூடு போதவில்லை, பெரிய பல்பு போடு" என்றார்கள். போட்டேன். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பாதி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்கள் வீட்டில் சூடு பஞ்சம். நமக்கோ மத்தியானம் இரண்டு மணிக்குச் சமையலறைப் பக்கம் போக முடியாது. அவர்கள் சொன்ன 100 வாட் பல்பை இங்கே போட்டால் குட்டி வெந்துபோகும். அதனால் கோலாலம்பூர் வீட்டில் எனக்குப் பலித்ததை மட்டும் வரிசையாக எழுதுகிறேன். பினாங்கிலும் இதே வெயில்தான், அங்கே இருப்பவர்களுக்கும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குட்டி சாப்பிடாவிட்டால் எல்லாரும் உடனே பூச்சியை மாற்றுவோம். அது கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் சூடு, பிறகு தண்ணீர், வெளிச்சம், பயம். இவை நான்கும் சரியான பிறகுதான் சாப்பாட்டுப் பேச்சு.

1. பணம் கொடுப்பதற்கு முன்: தாள்களும் வயதும்

வெயில்ட், பேந்தர் (panther) இரண்டு வகைப் பச்சோந்திகளும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. தீபகற்ப மலேசியாவில் இந்த விவகாரங்களைப் பார்ப்பது வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை. நாம் பெர்ஹிலித்தான் என்று சொல்வது அதைத்தான். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716, அவர்கள் கையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ள விலங்கை வீட்டில் வைத்திருக்க உரிமம் வேண்டும். எனவே வாங்கும் முன்பே இனத்தின் அறிவியல் பெயரைச் சொல்லி அவர்களிடம் கேட்டுவிடுங்கள். வெயில்ட் வகைக்குக் கேமிலியோ கலிப்ட்ராட்டஸ், பேந்தருக்கு ஃபர்சிஃபர் பார்டாலிஸ். வெறுமனே பச்சோந்தி என்று கேட்டால் தெளிவான பதில் வராது.

விற்பவரிடம் மூன்று தாள்கள் கேளுங்கள்: அவருடைய உரிமத்தின் நகல், இனத்தின் பேர் எழுதிய ரசீது, குட்டி எங்கே பொரித்தது என்பதற்கு ஏதாவது ஒரு சான்று. "தாள் அப்புறம் அனுப்புறேன்" என்பவரிடம் வாங்காதீர்கள். கொண்டோவில் இருந்தால் நிர்வாகத்தின் வளர்ப்புப் பிராணி விதியையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

வயது மூன்று மாதத்துக்குக் குறையக் கூடாது. முதலில் ஒருவர் எனக்கு ஐந்து வாரக் குட்டியைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். அந்த வயதுக் குட்டி ஒரே நாள் தண்ணீர் குறைந்தாலும் சுருண்டுவிடும். புதிதாக வளர்ப்பவர் கைக்கு அது வேண்டாம்.

முக்கியமானது இன்னொன்று: உங்கள் கண்முன்னே அது ஒரு பூச்சியைப் பிடித்துத் தின்ன வேண்டும். பணம் அதற்குப் பிறகு. இதை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எட்டு நாள் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

2. செலவுக் கணக்கு

குட்டியின் விலையை விட்டுவிடுங்கள், அது ஆளுக்கு ஆள் மாறும். மற்றவற்றுக்கு எனக்கு ஆனது: வலைக்கூண்டு 180 வெள்ளி, யூவிபி (புற ஊதாக் கதிர்) குழல்விளக்கும் அதன் சட்டமும் 230, சின்ன பல்பும் கவ்வியும் 45, இரண்டு டிஜிட்டல் வெப்பமானி 30, செடிகள் 40, மூன்று வகைச் சத்துப் பொடி 110, கிராம் காட்டும் தராசு 25. மொத்தம் 660 வெள்ளி. பூச்சிக்கு மாதம் முப்பது வெள்ளிக்கு மேல் போவதில்லை.

குறைக்க வேண்டும் என்றால் கூண்டில் குறையுங்கள், பழையதாக வாங்கிக் கழுவிக்கொள்ளலாம். விளக்கில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இவற்றையெல்லாம் வாங்கி, பொருத்தி, இரண்டு நாள் ஓடவிட்டு, வெப்பமானியைப் பார்த்த பிறகு குட்டியைக் கொண்டுவாருங்கள். குட்டியை ஜன்னலோரம் அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு கூண்டுக்குத் திருகாணி முடுக்கிய ஆள் சொல்கிறேன்.

3. கூண்டு

கண்ணாடித் தொட்டி வேண்டாம். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். காற்றோட்டம் இல்லாத தொட்டியில் அந்த ஈரம் தேங்கி நெஞ்சுச்சளி பிடிக்கும். அதோடு கண்ணாடியில் தன் உருவத்தையே பார்த்து, எதிரி வந்துவிட்டான் என்று நாள் முழுக்க முறைத்துக்கொண்டிருக்கும்.

நாலு பக்கமும் வலை உள்ள கூண்டு, குட்டிக்கு 40 சென்டிமீட்டர் அகலம், 75 சென்டிமீட்டர் உயரம் போதும். பெரிதாக வளர்ந்த பிறகு 60-க்கு 120 வேண்டும். ஆனால் முதலிலேயே அதில் விட்டால் குட்டிக்குப் பூச்சி எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

செடிக்கு மணி பிளாண்ட், செம்பருத்தி. நம் தேசிய மலரேதான், இலையையும் கடித்துத் தின்னும். சுங்கை பூலோ நாற்றுப்பண்ணைகளில் நல்லது கிடைக்கும். ஆனால் வாங்கிய அன்றே கூண்டில் வைக்காதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள். இலையை நன்றாகக் கழுவி, மண்ணை மாற்றி, இரண்டு மூன்று வாரம் பால்கனியில் வைத்துவிட்டு உள்ளே கொண்டுபோங்கள். மண் மேல் பெரிய கூழாங்கற்களை அடுக்கிவிடுங்கள். நாக்கை வீசும்போது மண்ணையும் சேர்த்து விழுங்காது.

ஒரு கூண்டுக்கு ஒன்றுதான். "துணைக்கு இன்னொன்று" என்ற பாவம் பார்க்க வேண்டாம். பச்சோந்திக்குத் துணை என்றால் தொல்லை.

4. சூடு: இங்கேதான் நான் விழுந்தேன்

குட்டி வெயில் காயும் கிளையில் 28, 29 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். முப்பதைத் தாண்டவிடாதீர்கள். எங்கள் வீட்டில் பல்பே போடாமல் மத்தியானம் கூண்டுக்குள் 32 காட்டியது. நான் அதற்கு மேல் 100 வாட் பல்பை வைத்திருந்தேன். குட்டி வாயைத் திறந்தபடி, நிறம் வெளுத்து, கூண்டின் அடியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பசி என்று நினைத்தேன்.

இப்போது செய்வது இதுதான். காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை மட்டும் 25 வாட் பல்பு. அது கிளையிலிருந்து ஒரு சாண் தள்ளி, வலைக்கு வெளியே. ஒன்பதரைக்குப் பிறகு அணைத்துவிடுவேன், மிச்சத்தை நம் ஊர் பார்த்துக்கொள்ளும். மத்தியானம் அறையில் மின்விசிறி ஓடும், ஆனால் கூண்டைப் பார்த்து அல்ல. ஒரு வெப்பமானி கிளைக்குப் பக்கத்தில், மற்றொன்று கூண்டின் கீழ்ப்பகுதியில். கையை வைத்துப் பார்த்து "சூடு பரவாயில்லை" என்று சொல்லும் வேலை வேண்டாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வாய் திறந்திருந்தாலோ, வெளுத்துக் கீழே இறங்கினாலோ சூடு அதிகம். கருத்துப்போய்ப் பல்பு பக்கமாகவே உடம்பைத் தட்டையாக்கிக் காட்டினால் குளிர்கிறது. இரவில் 24, 25 டிகிரி அதற்குச் சுகம், எந்த விளக்கும் வேண்டாம். ஏர்கோன் உள்ள அறை என்றால் காற்று நேரே கூண்டில் படாமல் பாருங்கள், அது தோலையும் கண்ணையும் காயவைத்துவிடும்.

பல்பை மாற்றிய மூன்றாம் நாள் மிளகாய் ஆறு பூச்சி சாப்பிட்டது. வேறு எதையும் நான் மாற்றியிருக்கவில்லை.

5. தண்ணீர்

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் அது குடிக்காது, அப்படி ஒரு பொருள் இருப்பதே அதற்குத் தெரியாது. இலையில் தங்கும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும்.

விளக்கு எரிவதற்கு முன் விடியற்காலையில் ஒரு தடவை, விளக்கு அணைந்த பிறகு ஒரு தடவை, இரண்டிரண்டு நிமிடம் நன்றாகத் தெளியுங்கள். நடுவில் கூண்டு காய வேண்டும். எப்போதும் சொதசொதவென்று இருந்தால் பூஞ்சை வரும். பகலில் குடிப்பதற்குச் சொட்டுநீர் வையுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டாம், பபிள் டீ குடித்த குவளையின் அடியில் குண்டூசியால் ஓர் ஓட்டை போட்டுக் கூண்டின் மேல் வைத்தால் ஆயிற்று. கீழே ஒரு தட்டு இருக்கட்டும்.

நீர் போதுமா என்பதை மலம் சொல்லிவிடும். கூடவே வரும் உப்புப் பகுதி வெள்ளையாக இருந்தால் நல்லது. ஆரஞ்சு நிறமாக இருந்தால் தண்ணீர் குறைவு. கண் உள்வாங்கியிருந்தாலும் அதேதான். தாகத்தில் இருக்கும் குட்டி எந்தப் பூச்சியையும் தொடாது.

6. யூவிபி விளக்கு

இது சூட்டுக்கு அல்ல, எலும்புக்கு. யூவிபி கதிர் படாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாமல் சுண்ணாம்புச் சத்து ஒட்டாது, எலும்பு மென்மையாகும், தாடை வளையும், நாக்கை வீச முடியாமல் போகும். சாப்பிட ஆசை இருந்தும் குறி தவறித் தவறி, கடைசியில் முயல்வதையே நிறுத்திவிடும்.

டி5 வகை நீளக் குழல், 5.0 அல்லது 6 விழுக்காடு என்று எழுதியிருப்பது. கூண்டின் மேல் வையுங்கள், கிளை அதற்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். காலை ஏழு முதல் மாலை ஏழு வரை எரிய, ஒரு டைமர் போட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை குழலை மாற்ற வேண்டும், எரிந்துகொண்டிருந்தாலும்தான். சுருள் பல்பு வடிவத்தில் மலிவாகக் கிடைப்பதை நான் வாங்கி வீணடித்தேன். அதன் கதிர் சிறு வட்டத்துக்குள் மட்டும் விழுகிறது.

ஜன்னல் வழியே வரும் வெயில் கணக்கில் சேராது. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். வேண்டுமானால் காலை எட்டு மணிக்குப் பால்கனியில் கால் மணி நேரம் வைக்கலாம், பாதிக் கூண்டு நிழலில் இருக்கும்படி. ஆனால் பக்கத்திலேயே நில்லுங்கள். நம் ஊர்க் காக்கைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

7. முதல் வாரம்: தள்ளி நில்லுங்கள்

புதிய இடத்தில் மூன்று நான்கு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது வழக்கம்தான். இந்த நாட்களில் தூக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள், சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். கூண்டின் மூன்று பக்கத்தைத் துணியால் மறைத்து, அதன் கிளை உங்கள் கண்ணுக்கு மேலே இருக்கும் உயரத்தில் வையுங்கள். மேலிருந்து வரும் எதையும் அது பருந்து என்றுதான் நினைக்கும்.

தொலைக்காட்சிக்கும் சாமி மேடைக்கும் பக்கத்தில் வேண்டாம். சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி, ஏரோசோல் மூன்றும் அதற்கு ஆகாது. அம்மாவிடம் இதை எடுத்துச் சொல்ல எனக்கு இரண்டு வெள்ளிக்கிழமை ஆனது.

8. பூச்சி வாங்குவது

சுவர்க்கோழிதான் அன்றாடச் சாப்பாடு. கடையில் செங்கெரிக் என்று கேட்டால் கொடுப்பார்கள். அரோவானா மீன் வளர்ப்பவர்கள் வாங்கும் மீன் கடை, பறவைத் தீவனக் கடை இரண்டிலும் இருக்கும். ஒரு பை மூன்று வெள்ளி கொடுத்தேன். அங்கே மீனுக்கு ஏற்ற பெரிய சைஸ்தான் வெளியே தொங்கும். கடைக்காரத் தவுக்கேயிடம் "ஆகச் சின்னது" என்று சொல்லி உள்ளேயிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். அளவு இதுதான்: பூச்சியின் நீளம் குட்டியின் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. நான் முதலில் வாங்கிய பூச்சிகளைப் பார்த்து மிளகாய் பின்வாங்கியது. அதன் மேல் தப்பில்லை.

மூன்று நான்கு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு, தினமும். ஆறு மாதம் தாண்டினால் எண்ணிக்கையைக் குறையுங்கள், வளர்ந்த பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். பெண் குட்டி என்றால் இதில் கண்டிப்பாக இருங்கள். அதிகம் தின்ற பெண், ஆண் துணை இல்லாமலே முட்டையை அதிகமாகச் சுமந்து அவதிப்படும்.

தினமும் ஒரே பூச்சி கொடுத்தால் சலித்துவிடும். வாரத்தில் ஒரு நாள் டூபியா கரப்பான் குட்டி, இன்னொரு நாள் பட்டுப்புழு அல்லது பறக்காத பழ ஈ. மீல்வோர்ம் எப்போதாவது இரண்டு. அதன் ஓடு கெட்டி, சத்து குறைவு.

வெளியே பிடித்த பூச்சி வேண்டவே வேண்டாம். டிங்கி கொசுவுக்குப் புகையடிக்கும் ஊர் இது. நேற்று புகையடித்த புல்தரையில் இன்று பிடித்த வெட்டுக்கிளி விஷ உருண்டை. மின்மினியைக் கிட்டவே கொண்டுவராதீர்கள், அதில் பச்சோந்தியைக் கொல்லும் நஞ்சு இருக்கலாம். உங்கள் தாமானில் புகையடிப்பு அறிவிப்பு வந்தால் ஜன்னலைச் சாத்திக் கூண்டை உள்ளறைக்கு மாற்றுங்கள்.

9. பூச்சிக்கும் சோறு போட வேண்டும்

கடையிலிருந்து வந்த சுவர்க்கோழி பட்டினியாக இருக்கும், அல்லது கோழித்தீவனம் தின்றிருக்கும். அதை அப்படியே கொடுப்பது வெறும் ஓட்டைக் கொடுப்பதற்குச் சமம். வாங்கி ஒரு நாளாவது வைத்து ஊட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

மூடியில் வலை வைத்த பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே இரண்டு முட்டை அட்டை. தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம், மூழ்கிச் சாகும். கேரட் வில்லையும் பப்பாளித் துண்டும் ஈரத்துக்குப் போதும். கூடவே சாவி (கடுகுக்கீரை), முருங்கைக்கீரை, பூசணி. முருங்கையில் சுண்ணாம்புச் சத்து நிறைய, நம் வீடுகளில் பின்வாசலிலேயே இருக்கும். பாயம் (முளைக்கீரை வகை) வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். நாய், பூனைத் தீவனமும் கூடாது. செத்த பூச்சியைத் தினமும் பொறுக்கிவிடுங்கள், ஒரு நாள் விட்டால் நாற்றம் லிஃப்ட் வரைக்கும் வரும்.

10. பொடி தூவுவது

வெறும் கால்சியம் பொடி, அதாவது டி3 சேராதது, தினமும். டி3 கலந்த கால்சியம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. பல வைட்டமின் கலந்த பொடியும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மற்ற வாரத்தில். நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். டி3 அதிகமானாலும் கெடுதல்தான்.

எவ்வளவு? நெற்றியில் விபூதி லேசாகப் பூசிய மாதிரி. மாவில் புரட்டிய வாழைக்காய் பஜ்ஜி மாதிரி அல்ல. பூச்சி வெள்ளை வெளேர் என்று இருந்தால் குட்டி ஒரு தடவை நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

11. கொடுக்கும் விதம்

காலை எட்டரை மணிவாக்கில், உடம்பு சூடேறிய பிறகு. சாயங்காலம் ஐந்துக்குப் பிறகு கொடுக்காதீர்கள், செரிக்க நேரம் வேண்டும்.

ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கிளைக்குக் கொஞ்சம் கீழே, குட்டியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டிவிடுங்கள். உள்ளே ஒரு பக்கம் மட்டும் வலைத்துண்டு ஒட்டுங்கள். பூச்சி அதில் ஏறும், குட்டி அதைப் பார்க்கும், வெளியே தப்ப முடியாது. பச்சோந்திக்கு அசைவதுதான் சாப்பாடு, சும்மா கிடப்பது தெரியாது. பூச்சியைப் போட்டவுடன் அறையை விட்டுப் போய்விடுங்கள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது முறைத்துக்கொண்டிருந்தால் நமக்கே தொண்டையில் இறங்காது. பழைய கைப்பேசியைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக் காணொளி எடுத்துப் பாருங்கள்.

குவளை பழகாத முதல் நாட்களில் இரண்டு மூன்று பூச்சியை மட்டும் இலைமேல் விடலாம். இரவு விளக்கு அணைவதற்குள் மிச்சப் பூச்சியை எடுத்துவிட வேண்டும். பசித்த சுவர்க்கோழி, தூங்கும் குட்டியைக் கடித்துவிடும். எறும்பு வந்தால் கூண்டு நிற்கும் மேசையின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸ் அந்த அறையிலேயே வேண்டாம்.

வாயைத் திறந்து ஊட்ட முயலாதீர்கள். அது பொறுத்துக்கொள்ளாது, தாடை எலும்பு உடையலாம்.

12. எப்போது டாக்டர்

வாரத்துக்கு ஒரு நாள், காலையில், சாப்பிடும் முன் எடை பாருங்கள். மிளகாய் வந்தபோது 14 கிராம், எட்டாம் நாள் 12. இரண்டு வாரத்தில் 15 ஆனது. வளரும் குட்டியின் எடை ஏற வேண்டும். தோல் உரிக்கும் முன் ஓரிரு நாள் சாப்பிடாது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் காத்திருக்கவே கூடாது. நாக்கு வெளியே வந்து உள்ளே போகாவிட்டாலும், கால் வளைந்தாலும், மூக்கில் குமிழ் வந்தாலும், மூன்று நாள் சுத்தமாகச் சாப்பிடாமல் எடை இறங்கினாலும் அன்றே கிளம்புங்கள். எங்கள் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் அரை மணி நேரம் காத்திருந்த பிறகு "நாய், பூனை மட்டும்தான்" என்றார்கள். அதனால் முதலில் போன் செய்து, ஊர்வன பார்க்கும் டாக்டர் எந்த நாளில் இருக்கிறார் என்று கேளுங்கள். செர்டாங்கில் யூபிஎம் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம். குட்டி நன்றாக இருக்கும்போதே இந்த எண்களைக் கைப்பேசியில் போட்டுவையுங்கள்.

எனக்கு ஆலோசனைக்கு 70 வெள்ளி, மலப் பரிசோதனைக்கு 40. புழு முட்டை இருந்தது, மருந்து கொடுத்தார்கள். குட்டி வாங்கிய முதல் மாதத்திலேயே இந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். எடுத்துப்போக வேண்டியவை: கூண்டின் படம், விளக்குப் பெட்டியின் படம், எடை எழுதிய தாள், என்னென்ன பொடி என்ற விவரம், பிறகு அன்று காலை போட்ட மலம். அதை ஈரமான டிஷ்யூவில் சுற்றிச் சின்ன டப்பாவில் வையுங்கள். கிளம்ப நேரமானால் குளிர்பெட்டியில் வைக்கலாம். ஆனால் டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். நான் சம்பல் டப்பாவில் வைத்துவிட்டு எழுதாமல் விட்டேன்.